குடல் நோயாளிக்கு நாகர்கோவிலில் நம்பி வாங்கக்கூடிய பத்தியச் சாப்பாடு

வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு வீட்டின் முன்னறையில் நடக்கிற மெஸ் இது. பெயர்ப்பலகை கிடையாது. பத்தியச் சாப்பாடு தருகிற அக்கா வீடு என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். மதியச் சாப்பாடு மட்டும்தான், பார்சல் மட்டும்தான். மீன் இல்லாமல் 90 ரூபாய், மீனோடு 130.

அப்பாவுக்குக் கிரோன்ஸ் நோய், குடலில் அழற்சி வருகிற நோய். சிறுகுடலில் ஓரிடம் வீங்கிச் சுருங்கியிருக்கிறது. வீக்கம் வடிகிறவரை சக்கை குறைந்த உணவுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், லோ ரெசிட்யூ டயட் என்று சீட்டில் எழுதித் தருவார்களே அதுதான். செரிக்காத நாரும் தோலும் விதையும் போய் அந்தக் குறுகின இடத்தில் அடைத்துக்கொண்டால் வலியும் வாந்தியும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நிலைமை ஆகிவிடும். அதனால் ஒரு நாளைக்கு நார்ச்சத்து 10, மிஞ்சிப்போனால் 15 கிராம், அதற்குள் நிற்க வேண்டும்.

நம்ம குமரி மாவட்டத்துச் சமையலில் இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே சமைக்கிறவர்களுக்குத் தெரியும். சோறு என்றாலே தவிடு ஒட்டின சம்பா அரிசிச் சோறு. கஞ்சிக்கும் பயறு, புட்டுக்கும் பயறு. அவியல், துவரன், மீன்குழம்பு என்று எதை எடுத்தாலும் தேங்காய், 100 கிராம் தேங்காயில் 9 கிராம் நார் இருக்கிறது. போதாக்குறைக்குப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் வாழைத்தண்டு கொடு, கீரை கொடு, வயிற்றைச் சுத்தம் பண்ணும் என்று பாசத்தோடு சொல்லிவிட்டுப் போவார்கள். மற்ற நேரத்தில் நல்ல யோசனைதான், குடல் சுருங்கியிருக்கும்போது அதுவே ஆபத்து. முதலில் வேறொரு இடத்தில் நோயாளிச் சாப்பாடு என்று சொல்லி வாங்கினோம். கோதுமை ரவைக் கஞ்சியில் முழுப் பாசிப்பயறும் பீன்ஸும் போட்டு அனுப்பினார்கள். எண்ணெய் இல்லை, காரம் இல்லை, ஆனால் அப்பாவுக்கு எது ஆகாதோ அது மொத்தமும் அதில் இருந்தது.

இந்த அக்கா விலையைச் சொல்வதற்கு முன்னாலேயே கேட்டது, "டாக்டர் எதையெல்லாம் வேண்டாம்னு சொன்னாரு மக்களே, சீட்டு இருக்கா?" வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன். அதைப் படித்துவிட்டு பால் மட்டும்தான் ஆகாதா, தயிரும் ஆகாதா என்று திருப்பிக் கேட்டார்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்குச் சமைத்துக் கொடுத்துத் தொடங்கினதாம், அந்தப் பழக்கம் பேச்சிலேயே தெரிகிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். தீட்டின பச்சரிசியைக் குழைய வடித்த வெள்ளைச் சோறு. கூட ஓலன். நம் வீடுகளில் ஓலன் என்றால் தடியங்காயோடு பெரும்பயறு சேராமல் இருக்காது. இங்கே பயறு கிடையாது, தடியங்காயின் தோலையும் விதையையும் சுத்தமாக எடுத்துவிட்டு, விரலால் அழுத்தினால் மசிகிற அளவுக்கு வேகவைத்து, துணியில் வடிகட்டின இரண்டாம் பாலை மட்டும் ஊற்றுகிறார்கள். தேங்காயின் நாரெல்லாம் பிழிந்த சக்கையோடு போய்விடுகிறது, மணம் மட்டும் சோற்றுக்கு வருகிறது. பத்தியத்தில் இருக்கிற மனிதருக்கு அந்த மணம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்பா சாப்பிடுவதைப் பார்த்துத்தான் புரிந்தது. புளிசேரியும் அப்படித்தான், தேங்காய் அரைக்காமல், கடுகு கறிவேப்பிலை இல்லாமல், தயிரும் மஞ்சளும் பொடித்த சீரகமும் மட்டும்.

ஆனால் இந்த மெஸ்ஸை நான் சிபாரிசு செய்யக் காரணம் மீன்தான். மீனில் நார் கிடையாது, இந்தப் பத்தியத்தில் தாராளமாகச் சேர்க்கலாம், உடம்புக்குப் புரதமும் வேண்டும். பத்தியம் என்றவுடன் நம் ஆட்கள் முதலில் நிறுத்துவது மீனைத்தான், அப்பா மெலிந்துபோனதற்கு அதுவும் காரணம். இங்கே நெய்மீன், பாரை மாதிரி முள் குறைந்த மீனை, உப்பும் மஞ்சளும் கொஞ்சம் புளித்தண்ணீரும் சேர்த்து அவித்து, முள்ளை எடுத்துவிட்டு உதிர்த்துத் தருகிறார்கள். தேங்காய் அரைப்பு, மிளகாய் ஒன்றும் இல்லை. ஜூன், ஜூலையில் நம் மேற்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம், அப்போது நெய்மீன் கிடைத்தாலும் விலை ஏறிவிடும். அந்த நாட்களில் மீனுக்குப் பதில் முட்டை வைக்கிறார்கள், 20 ரூபாய் குறைத்துக்கொள்கிறார்கள். சொல்லாமலே குறைத்தார்கள், அது எனக்குப் பிடித்தது.

குறைகளும் உண்டு. ரசத்தில் ஒன்றிரண்டாக இடித்த மிளகு மிதந்து வந்தது. சொன்னதும் மறுநாளிலிருந்து வடிகட்டித் தந்தார்கள், ஆனாலும் காரம் தூக்கல்தான். கேரட் சில நாள் சரியாக வேகாமல் வரும், கரண்டியால் அழுத்திப் பார்த்துக் கொடுங்கள். டப்பா மூடி லூஸ், புளிசேரி பையெல்லாம் சிந்தும். முந்தின நாள் சாயங்காலம் 7 மணிக்குள் சொல்லாவிட்டால் கிடைக்காது. ஞாயிறு லீவு. காலை இட்லி கிடையாது என்பதுதான் பெரிய குறை, தேங்காய்ச் சட்னி இல்லாமல் இட்லி கொடுக்க இந்த ஊரில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. வயிறு லேசாக இருக்கும், எடை குறையும் என்று நினைத்து இந்தச் சாப்பாட்டை யாரும் வாங்க வேண்டாம். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இது இன்னும் சிரமம்தான் கொடுக்கும். குடல் அழற்சி கூடியிருக்கும்போது, குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, கொலோனோஸ்கோபிக்கு (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற சோதனை) முன்னால் என்று டாக்டர் சொல்கிற காலத்துக்கு மட்டும்தான் இது. கொலோனோஸ்கோபிக்காக வாங்குகிறவர்கள் தேதியை அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பீட்ரூட் மாதிரி சிவப்பாக எதுவும் அப்போது சேர்க்கக் கூடாது, குடலுக்குள் பார்க்கும்போது ரத்தம் மாதிரித் தெரியும். முந்தின நாள் என்ன சாப்பிடலாம் என்பதை ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் தெளிந்த நீராகாரம் மட்டும்தான் என்பார்கள்.

அப்பாவுக்கு இப்போது வலி குறைந்திருக்கிறது, அது மாத்திரையால். ஆனால் தட்டைத் தள்ளிவைக்காமல் சாப்பிடுகிறார். நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதைச் சொன்னதும் அடுத்த வாரத்திலிருந்து சௌசௌவும் பரங்கிக்காயும் சேர்க்கிறேன், சம்பா அரிசிக்கு இன்னும் நாள் ஆகட்டும் என்றார்கள் அக்கா. தொடர்ந்து அங்கேதான் வாங்கப் போகிறோம்.