ஹார்மோனா, மூடியா? குடுவைக்குள் கரு வளர எதை மாற்றுவது

திசு வளர்ப்பில் செடித் துண்டிலிருந்து வரும் உருவமற்ற செல் திரளான கேலஸ் தளதளவென்று பெருகுகிறது. அதிலிருந்து செடியாக வேண்டிய கரு மட்டும் வரவில்லை. வந்தாலும் உருண்டை நிலையிலேயே நின்றுவிடுகிறது. உடனே நம் கை போவது ஹார்மோன் பாட்டிலுக்குத்தான். 2,4-டி என்ற ஆக்சின் வகை ஹார்மோனைக் குறைப்போம், பிஏபி என்ற சைட்டோகைனின் வகை ஹார்மோனைக் கூட்டுவோம், புதிதாக ஏழெட்டு வகை ஊடகம் காய்ச்சுவோம். தட்டைச் சுற்றி இறுக்கி ஒட்டிய பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. கரு தூண்டும் கட்டத்தில், புது ஹார்மோன் கலவை தேடும் முன் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி. முதிர்ச்சிக் கட்டத்தில் கதை வேறு.

கேரட்டை எடுத்துக்கொள்வோம். 1958-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஸ்டூவர்டும் ஜெர்மனியில் ரெய்னர்ட்டும் உடல் செல்லிலிருந்து கருவை உருவாக்கிக் காட்டியது இந்தச் செடியில்தான். இதில் 2,4-டி இரட்டை வேடம் போடுகிறது: செல்லைக் கருப் பாதைக்குத் திருப்புவதும் அதுதான், உருண்டையைத் தாண்டி இதய வடிவத்துக்குப் போகவிடாமல் தடுப்பதும் அதுதான். ஆக்சின் இல்லாத ஊடகத்துக்கு மாற்றினால் தடை விலகும். காசு செலவில்லாத வழி. இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடக்கூடாது.

மாற்றிய பிறகும் நகரவில்லையா? அப்போது காற்றைப் பாருங்கள். ஆக்சின் அதிகமானால் எத்திலீன் உற்பத்தியில் பங்குள்ள ஏசிசி சிந்தேஸ் நொதி முடுக்கிவிடப்படும், வாயு ஹார்மோனான எத்திலீன் பெருகும். திறந்த வெளியில் அது பறந்துவிடும், இறுக மூடிய தட்டில் எங்கே போகும்? 1989, 1990-இல் ரூஸ்தான் குழுவினர் கேரட்டில் இதை இரு பக்கமிருந்தும் சோதித்தார்கள். கோபால்ட்டும் நிக்கலும் எத்திலீன் உற்பத்தியைத் தடுத்தன. வெள்ளி நைட்ரேட் அதன் செயலைத் தடுத்தது. இரண்டு வழியிலும் கருக்கள் கூடின. எத்திலீனுக்கும், செல் வளர்ச்சிக்கு உதவும் பாலிஅமீன்களுக்கும் மூலப்பொருள் ஒன்றே, எஸ்-அடினோசில் மெத்தியோனின். ஒரு வாய்க்காலை அடைத்தால் மறு வாய்க்காலுக்குக் கூடுதலாகக் கிடைக்கலாம் என்ற விளக்கமும் உண்டு.

சரி, வெள்ளியா, காற்றோட்டமா? வெள்ளி அயனி எத்திலீன் ஏற்பியில் தாமிரத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், வாயு சுற்றி இருந்தாலும் செல்லுக்கு அது வந்த செய்தி எட்டாது. நம்பகமான தடுப்பு. மைசூருவின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் அராபிகா, ரொபஸ்டா இரண்டு காபியிலும் வெள்ளி நைட்ரேட்டின் துணையோடு நேரடியாகக் கருக்களை வரவழைத்தது. தொல்லைகளும் உண்டு. ஒளி பட்டால் கெடும். ஊடகத்தில் உள்ள குளோரைடோடு சேர்ந்து வீழ்படிவாகும். அளவு மீறினால் திசுவுக்கே நஞ்சு. தையோசல்பேட்டோடு சேர்த்துக் கொடுத்தால் வீழ்படிவுச் சிக்கல் குறையும்.

காற்றோட்டத்துக்குத் தேவை காற்று புகும் மைக்ரோபோர் டேப் மட்டும்தான், அல்லது மூடியில் ஒரு வடிகட்டிச் சவ்வு. ஊடகம் சீக்கிரம் காயும், கிருமி புகும் வாய்ப்பும் சற்றுக் கூடும். ஆனாலும் என் ஓட்டு இதற்கே: எத்திலீனோடு, தேங்கும் கரியமில வாயுவையும் நீராவியையும் இது வெளியேற்றும். வெள்ளியால் அது முடியாது. (கிருமியற்ற காற்று வீசும் லேமினார் ஃபுளோ பெட்டிக்குள் எரியும் ஸ்பிரிட் விளக்கும், சரியாக எரியாவிட்டால், கொஞ்சம் எத்திலீனைச் சேர்க்கும்.)

எத்திலீன் எங்கும் வில்லன் என்று எழுதிவிட்டால் மெடிக்காகோ டிரங்கட்டுலா சண்டைக்கு வரும். அந்தப் பயறு வகைச் செடியில் எத்திலீனுக்குப் பதில் சொல்லும் செர்ஃப்1 என்ற மரபணு கருவாக்கத்துக்குத் தேவை என்று 2008-இல் தெரிய வந்தது. அங்கே எத்திலீனைத் தடுத்தால் கருக்கள் குறையும். கேரட்டின் செய்முறையை அப்படியே பயறுக்குப் பெயர்த்து வைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

முதிர்ச்சிக்கு வந்தால் மூடி தோற்றுவிடும். ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் இல்லாமல் நல்ல முதிர்கரு கிடைக்காது. சேமிப்புப் புரதமும் கொழுப்பும் சேர்வதற்கும், கரு அவசரப்பட்டு முளைக்காமல் இருப்பதற்கும் அதுதான் காவல். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருளையும் சேர்த்து நீர்ப் பற்றாக்குறையை உண்டாக்கினால் இன்னும் நல்லது. விலை கடிக்கும், மாற்று இல்லை.

ஆக்சிஜன் மட்டும் இரண்டு கட்சியிலும் சேராமல் நிற்கிறது. விதையாக மாறும் சூலுக்குள் ஆக்சிஜன் குறைவு. 1988-இல் கார்மன் கோதுமையில் அந்தச் சூழலையே ஓரளவு போலி செய்தார். ஆக்சிஜனைக் குறைத்து, ஹார்மோனையும் உலர்தலையும் சூலில் இருப்பதுபோல் அமைத்தபோது கருக்கள் மேம்பட்டன. ஆக, மூடியைத் தளர்த்தினால் எத்திலீன் போகும், ஆனால் கரு விரும்பாத அளவுக்கு ஆக்சிஜன் உள்ளே வரலாம். இதைச் சரிசெய்ய வாயு சிலிண்டரும் அளவுமானியும் வேண்டும். சாதாரண ஆய்வகத்துக்கு இது கட்டுப்படியாகாது.

எனவே அதே கேலஸ், அதே ஊடகம்; பாதித் தட்டுகளுக்குப் பாராஃபிலிம், பாதிக்கு மைக்ரோபோர் டேப். வித்தியாசம் தெரியாவிட்டால் சில தட்டுகளில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஹார்மோன் பாட்டிலைத் திறக்கலாம்.