யூனிட்டியா, கோடோவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தம்பியும் நானும் பால்மரத் (ரப்பர்) தோட்டத்தை வைத்து ஒரு கேம் செய்கிறோம். மங்கில், அதாவது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தில், பால் சொட்டுவது வரை யூனிட்டியில் முடித்துவிட்டோம். கேம் உருவாக்கும் மென்பொருளை எஞ்சின் என்பார்கள். யூனிட்டி, கோடோ இரண்டில் எந்த எஞ்சினில் தொடர்வது?

யூனிட்டிக்குப் பாடங்களும் வீடியோக்களும் கொட்டிக் கிடக்கின்றன. போன் கேமுக்கு அது சுலபம். ஆனால் 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனத்தார், கேமின் வருமானமும் இன்ஸ்டால் எண்ணிக்கையும் ஓர் அளவைத் தாண்டினால் ஒவ்வொரு புது இன்ஸ்டாலுக்கும் கேம் செய்தவர் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே வெளிவந்த கேம்களுக்கும் சேர்த்து! எதிர்ப்பு கிளம்பியதும் தளர்த்தினார்கள். 2024 செப்டம்பரில் ரத்தே செய்தார்கள். சரி, கட்டணம் போனது. பாதி வேலையில் விதியை மாற்றிவிடுவார்களோ என்ற பயம் எனக்குப் போகவில்லை.

கோடோ, யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் விடுகிற எம்ஐடி உரிமத்தில் வருகிறது. கையிலிருக்கும் பதிப்புக்கு யாரும் பிறகு காசு கேட்க முடியாது. பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலுக்குக் கேமைக் கொண்டுபோவதுதான் சிரமம். நாங்கள் கோடோவுக்கே மாறுகிறோம். மங்கை மறுபடி வரைய வேண்டாம். நிரலைத்தான் திரும்ப எழுத வேண்டும்.