கொழும்பில் கடல் மீன் வாங்க முன்னர் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். மலையகத்தில் வீட்டுத் தொட்டியில் உப்புநீர் மீன் வளர்ப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். மீனுக்கு எல்லோரும் கொழும்புக்குத்தான் இறங்க வேண்டியிருக்கிறது. எனக்கு நடந்தது அவர்களில் இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. பில் வாங்காமல் வந்துவிட்டேன், அதனால் கடையின் பெயரைப் போடவில்லை.

பாடசாலை விடுமுறையில் மகளோடு போனேன். எங்கள் நாலடித் தொட்டியில் இரண்டு வருஷமாக ஒரு சோடி கோமாளி மீன்கள் மட்டும்தான். மகளுக்குப் பவுடர் ப்ளூ டேங் மேல் ஆசை. நீல உடம்பு, மஞ்சள் முதுகுச் செட்டை, கறுப்பு முகம். நம் நாட்டுக் கடலிலேயே இருக்கிற மீன்.

"எப்ப வந்தது தம்பி?"

"ஒரு மாசத்துக்கு மேல நம்மகிட்டதான் இருக்கு அக்கா. தீனி நல்லா எடுக்குது. யோசிக்காமக் கொண்டு போங்க."

ஒருக்கா தீனி போட்டுக் காட்டச் சொன்னேன். இப்போதுதான் போட்டோம், திரும்பப் போட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்றார். மீனின் வயிறு ஒட்டியிருந்தது. அதைக் கண்டும் 28,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன்.

ரெஜிபோம் பெட்டி கேட்டதற்கு, பேப்பர் சுற்றினால் போதும் என்றார். பஸ் கித்துல்கல தாண்டிக் கினிகத்தேனை ஏற்றத்தில் ஏறும்போதே பை குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அளந்தேன்: பைத் தண்ணீர் 20 பாகை, எங்கள் தொட்டி 26.

பையைத் திறந்து வைத்து, இரண்டு மணித்தியாலம் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். நீண்ட பயணத்துக்குப் பிறகு அது பிழையான வேலை. மூடிய பைக்குள் மீன் விடும் மூச்சால் கரியமிலவாயு சேர்ந்து தண்ணீரின் பிஎச் இறங்கும். அதனால் கழிவில் சேரும் அமோனியா அவ்வளவாக நஞ்சாகாமல் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு போய்விடும், பிஎச் ஏறும், அதே அமோனியா கடும் நஞ்சாகும். அந்தத் தண்ணீரில்தான் என் மீனை இரண்டு மணித்தியாலம் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் கல்லில் உடம்பைத் தேய்த்தது. ஐந்தாம் நாள் ரவை தூவினது போல உடம்பெல்லாம் வெள்ளைப் பொட்டு. எட்டாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. அடுத்த வாரம் கோமாளிச் சோடியில் பெரியதும் போய்விட்டது. மகள் அன்று பாடசாலைக்குப் போகவில்லை.

கடைக்கு ஃபோன் எடுத்தேன். "உங்க தண்ணியிலதான் பிழை அக்கா" என்று வைத்துவிட்டார்.

நல்லவேளை, பைத் தண்ணீரில் கொஞ்சம் போத்தலில் மூடி வைத்திருந்தேன். உப்பை அளந்தால் தண்ணீரின் ஒப்படர்த்தி 1.018. எங்கள் தொட்டி 1.025, கடல் தண்ணீரின் அளவு. கண்டியில் நீண்ட காலமாகக் கடல் மீன் வளர்க்கும் ஒருவரோடு கதைத்தபோதுதான் விஷயம் விளங்கியது. பல கடைகளில் உப்பைக் குறைத்து, தண்ணீரில் கொஞ்சம் செப்பு மருந்தும் விட்டு வைப்பார்களாம். வெள்ளைப் பொட்டு ஒட்டுண்ணி அதில் அடங்கிக் கிடக்கும், ஆனால் சாகாது. நல்ல கடல் தண்ணீருக்கு வந்ததும் கிளம்பும். உப்பைக் குறைத்து வைப்பதை நான் குற்றம் சொல்லவில்லை. அதை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டதும், பொய் சொன்னதும்தான் குற்றம். அந்த மீன் வந்திறங்கிய படம் கடையின் சொந்தப் பக்கத்திலேயே இருக்கிறது, எங்கள் மீனின் செட்டையில் இருந்த அதே வெட்டுடன். திகதி, நாங்கள் போனதற்கு இரண்டு நாள் முன்னர்.

இனி வாங்கப் போகிறவர்கள் முற்பணம் மட்டும் கொடுத்து, மீனை இரண்டு வாரம் கடையிலேயே விட்டு வையுங்கள். சம்மதிக்காத கடை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தீனி தின்பதைக் கண்ணால் பாருங்கள்; டேங் வகை நாள் முழுக்கப் பாசி மேயும் மீன், வயிறு உள்ளே போயிருந்தால் எடுக்க வேண்டாம். கடைத் தண்ணீரின் உப்பு அளவைக் கேட்டு, வீட்டில் ஒரு தனித் தொட்டியை அதே அளவில் முன்கூட்டியே தயார் செய்யுங்கள். மணல், கல் வேண்டாம். ஸ்பொஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிய இரண்டு பிவிசி குழாய்த் துண்டு போதும். வந்ததும் பையைத் திறக்காமல் மிதக்க விட்டு, சூடு சமனானதும் மீனை மட்டும் மாற்றுங்கள். உப்பைப் பிறகு நாளுக்குக் கொஞ்சமாக ஏற்றலாம். குறைந்தது நாலு வாரமாவது அங்கேயே இருக்கட்டும். செப்பு மருந்து கொடுப்பதும் அந்தத் தொட்டியில் மட்டும்தான், ஒவ்வொரு நாளும் அளந்து பார்த்து. பெரிய தொட்டியில் ஊற்றினால் பவளம், இறால், நத்தை எல்லாம் செத்துவிடும். மலையில் காற்று மழைக்கு கரண்ட் போகும்போது ஹீட்டரும் நிற்கும், பற்றரி ஏர் பம்ப் ஒன்றும் ஒரு போர்வையும் பக்கத்தில் இருக்கட்டும்.

பில் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு நான் எடுத்தபோதும் முதலில் கேட்டது அதைத்தான்.

ஒட்டுண்ணி தன்னைச் சுற்றிக் கட்டும் கூடு மணலில் வாரக்கணக்காகக் கிடக்கும், அதனால் பெரிய தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் விட்டிருக்கிறேன். இன்னும் 19 நாள். மிஞ்சிய கோமாளி குசினி மேசையில் தனித் தொட்டிக்குள் இருக்கிறது. நேற்றுத்தான் முதல் தடவையாக மகளின் கையிலிருந்து தீனி எடுத்தது.