உயரமானவர்களே, நம்பர் போடும் முன் உங்கள் காரிலேயே உட்கார்ந்து பாருங்கள்

ஆறடிக்கு மேல் நன்கு வளர்ந்த எவரும் சென்னையில் கார் வாங்கப் போவதாக இருந்தால், இதைப் படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் உயரம் ஆறடி ஐந்து அங்குலம், அதாவது 196 சென்டிமீட்டர். இந்த நகரத்தின் பெரிய ஷோரூம் ஒன்றில் நான் ஓட்டிப் பார்த்தது ஒரு கார், என் பெயரில் பதிவு செய்து சாவி கொடுத்தது வேறொரு கார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. நிறம், சக்கரம், பின்கதவில் ஒட்டியிருக்கும் பெயர் எல்லாம் ஒன்றுதான். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால்தான் ஒன்று எனக்கு ஆகும், மற்றது ஆகாது என்பது புரியும். அந்த வேறுபாட்டை அறிந்தே என்னிடம் மறைத்தார்கள். வழக்கு நடப்பதால் ஷோரூமின் பெயரை இங்கே எழுதவில்லை.

சராசரி உயரம் உள்ளவர்களுக்கு இது ஆடம்பரக் கவலையாகத் தோன்றலாம். எனக்கு வீடு குரோம்பேட்டை, வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டை. பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறிவிட்டால் கவலையில்லை. அதற்கு முன்னால் ஜி.எஸ்.டி. சாலையிலும், இறங்கிய பிறகு தொழிற்பேட்டைச் சாலைகளிலும் முதல் கியர், இரண்டாம் கியர் என்றே ஊர்ந்து போக வேண்டும். கிளட்சை மிதித்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் இடது முழங்கால் ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தில் முட்டும். வலது கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாறும்போது முழங்கால் கதவில் இடித்து நிற்கும். வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். பிரேக்கை மிதிப்பது அரை நொடி தாமதமானால் எதிரில் இருப்பவர் பொறுப்பாரா?

கண்ணுக்கும் இதே கதைதான். நம் கண் மட்டம் முன்கண்ணாடியின் மேல் விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கும். சிக்னலில் முதல் வண்டியாக நின்றால் விளக்கு தெரியாது, குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் வருவதைக் காட்டும் நடுக்கண்ணாடி நேராகப் பார்வையில் தொங்கி இடப்பக்க முன்புறத்தை மறைக்கும். ஷேர் ஆட்டோவும் இருசக்கர வண்டிகளும் அந்தப் பக்கமாகத்தான் நுழைந்து வருகின்றன. தலை சாயும் திண்டு கழுத்தோடு நின்றுவிட்டால், பின்னாலிருந்து யாராவது மோதும்போது தலை பின்னோக்கி மடிந்து கழுத்தெலும்பு அடிபடும். இவ்வளவும் சேர்ந்ததுதான் எனக்கு ‘வசதியான கார்’ என்பது.

‘பெரிய காராக வாங்கிவிடு’ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்த அறிவுரை தவறு. இந்தியாவில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய இன்ஜின் கார்களுக்கு 2006 முதல் வரிச் சலுகை இருந்துவருகிறது. அதனால் உருவத்தில் ஜீப்பைப் போல மிரட்டும் பல கார்களின் நீளமும் நான்கு மீட்டருக்குள்தான். அந்த நீளத்தில் பின்னிருக்கைக்காரர்களின் காலுக்கும் இடம் காட்ட வேண்டும். ஓட்டுநர் இருக்கை பின்னோக்கி நகரும் தண்டவாளத்தைச் சற்று முன்னதாகவே நிறுத்திவிட்டால் அந்த இடம் கிடைத்துவிடுகிறது. உயரமான கார் என்றால் தரையும் உயர்ந்திருக்கும், இருக்கையும் உயர்ந்திருக்கும், ஆகவே இருக்கைக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடம் பெரிதாகக் கூடுவதில்லை. மோதல் சோதனையில் ஓட்டுநர் இடத்தில் உட்காரவைக்கும் சராசரி ஆண் பொம்மையின் உயரமே சுமார் 175 சென்டிமீட்டர்தான். பெரிய ஆண் என்று கணக்கில் வைத்திருக்கும் பொம்மை சுமார் 188. நான் அதையும் தாண்டியவன்.

மாறாக, என் மாமாவின் பழைய சான்ட்ரோவில் தலை இடிக்காமல் ஓட்டியிருக்கிறேன். 1998-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி வந்த கார் அது. அடுத்த ஆண்டே வந்த வேகன் ஆரும் அதே வகை. நாற்காலியில் உட்காருவதைப் போல நிமிர்ந்து உட்காரவைக்கும் அமைப்பு அவற்றில் உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்தால் கால் முன்னால் நீள வேண்டிய தேவை குறைகிறது, கூரை உயரமாக இருப்பதால் தலைக்கும் இடம் கிடைக்கிறது. பளபளப்பான தாழ்ந்த செடான்களில் நான் படும் பாட்டைவிட அது எவ்வளவோ மேல்.

இப்போது எனக்கு நடந்த மோசடிக்கு வருகிறேன். அது ஒரே பெயரில், வெவ்வேறு வசதிகளோடு வெவ்வேறு விலைக்கு விற்கும் வேரியன்ட்டுகளுக்குள் ஒளிந்திருக்கிறது. உயரமானவனுக்கு உயிர்நாடியான அம்சங்கள் இரண்டு. ஒன்று, மேலும் கீழும் மட்டுமல்லாமல் நம்மை நோக்கி வெளியே இழுக்கக்கூடிய டெலஸ்கோபிக் ஸ்டீயரிங். அது இருந்தால் இருக்கையை முழுவதும் பின்னால் தள்ளிவிட்டு ஸ்டீயரிங்கைக் கைக்கு எட்டும்படி இழுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் முழங்காலை மடக்கிக்கொண்டு முன்னால் உட்கார வேண்டும், அல்லது முதுகைச் சாய்த்து, கையை நீட்டி, தோள் வலிக்க ஓட்ட வேண்டும். இரண்டாவது, சன்ரூஃப் இல்லாத கூரை. நகரும் கண்ணாடியும் அதன் சட்டமும் கூரைக்கும் உள்துணிக்கும் இடையில்தான் அடங்குகின்றன. அதற்காக உள்கூரையைச் சில சென்டிமீட்டர் கீழே இறக்கிவிடுவார்கள். என் தலைக்கு மேலே இருக்கும் மொத்த இடமே அந்தச் சில சென்டிமீட்டர்தான். கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் டெலஸ்கோபிக் ஸ்டீயரிங் வேண்டுமென்றால் விலை கூடிய வேரியன்ட்டுக்குப் போக வேண்டும், அங்கே போனால் சன்ரூஃபும் கூடவே வரும்.

அந்த ஸ்டீயரிங் இருந்து, சன்ரூஃப் இல்லாத கார் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஓட்டிப் பார்த்தேன். முழங்கால் எதிலும் படவில்லை, தலைக்கு மேல் நான்கு விரல் இடம் இருந்தது. அந்த மகிழ்ச்சியை உயரமானவர்கள் மட்டுமே அறிவார்கள். விற்பனை இளைஞரிடம் என் தேவையைத் தெளிவாகச் சொன்னேன். “தம்பி, இந்த இரண்டு விஷயத்துக்காக மட்டும்தான் இதை வாங்குகிறேன். ஸ்டீயரிங் வெளியே வர வேண்டும், சன்ரூஃப் இருக்கக் கூடாது. எழுதிக் கொடுங்கள்” என்றேன். “கவலையே வேண்டாம் சார், நீங்கள் ஓட்டிப் பார்த்த அதே வேரியன்ட்தான் வரும்” என்று கொட்டேஷன் தாளின் ஓரத்தில் இரண்டையும் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அச்சிட்ட விளக்கப் பிரசுரம் ஒன்றும் தந்தார். அதிலும் அப்படியேதான் இருந்தது.

முன்பணம் கட்டி, வங்கிக் கடன் ஷோரூம் கணக்குக்குப் போன பிறகு, காரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். புதுக் கார்களை நிறுத்திவைக்கும் யார்டு ஊருக்கு வெளியே இருக்கிறது, வாடிக்கையாளர்களை அங்கே விடுவதில்லை என்றார்கள். திரும்பவும் கேட்டேன், அதே பதில்தான். பதிவு முடிந்து, நம்பர் தகடு பொருத்தி, மாலை போட்டு, ரிப்பன் கட்டி, என் அம்மாவைக் கேக் வெட்டச் சொல்லி நிறுத்திய பிறகுதான் கதவைத் திறந்தார்கள். உட்கார்ந்தேன். உச்சந்தலை கூரையில் பதிந்தது. அண்ணாந்து பார்த்தால் சன்ரூஃப். ஸ்டீயரிங்குக்குக் கீழே நெம்புகோலைத் தட்டி இழுத்தேன். மேலும் கீழும் ஆடியதே தவிர வெளியே வரவில்லை.

மேலாளர் வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இந்த ஆண்டு முதல் கம்பெனி இந்த வேரியன்ட்டில் சன்ரூஃப் சேர்த்து, அந்த ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டது சார். எங்களுக்கு முன்பே கடிதம் வந்துவிட்டது. ஆனால் சன்ரூஃப் என்றால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். உங்களுக்கு அதிகப் பணம் வாங்காமலேயே கொடுத்திருக்கிறோம்.” நான் ஓட்டிப் பார்த்தது முந்தைய ஆண்டுத் தயாரிப்பு. எனக்குத் தந்த பிரசுரமும் பழையது. புதிய பிரசுரம் அவருடைய மேசையிலேயே கட்டாகக் கிடந்தது. தெரியாமல் நடந்த பிழை என்று இதை எவரும் சொல்ல முடியாது.

மாற்றித் தாருங்கள் என்று கேட்டபோது, “பதிவாகிவிட்ட வண்டி சார், இனி இது இரண்டாம் கை வண்டி” என்றார். வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பதிவுக்கான விண்ணப்பமான படிவம் 20-இல் நம் கையெழுத்தை முதலிலேயே வாங்கிவைத்துக்கொள்கிறார்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-ஐ அவர்களே போடுகிறார்கள். ஆயுள் வரி கட்டி நம்பர் விழுந்த அந்த நிமிடத்திலிருந்து, தவறு யாருடையதாக இருந்தாலும், விலை குறைவது நம் தலையில்தான் விழுகிறது. யார்டைக் காட்ட மறுத்ததற்குக் காரணம் எனக்கு அப்போது விளங்கியது.

அடுத்து நடந்தது இன்னும் ஆபத்தானது. “இருக்கையைக் கம்பெனி பாகம் போட்டு இறக்கித் தருகிறோம், இரண்டு நாள் வண்டியை விடுங்கள்” என்று மேலாளர் எழுத்திலேயே உறுதி கொடுத்தார். திரும்பி வந்த வண்டியில் இருக்கை தாழ்ந்திருந்தது, சற்றுப் பின்னாலும் போயிருந்தது. ஆனால் டாஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. அதே கம்பெனியின் வேறொரு சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த மூத்த மெக்கானிக் இருக்கையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்த பஞ்சைக் கத்தியால் அறுத்து எடுத்திருந்தார்கள். தண்டவாளத்தைப் பிடிக்கும் இடத்தில் புதிதாகத் துளையிட்டு, இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டிருந்தார்கள். கம்பெனி பாகம் என்று அதில் ஒன்றுகூட இல்லை. வெளியே ஏதோ ஒரு கடையில் கொடுத்துச் செய்திருக்கிறார்கள்.

அந்தப் பெரியவர் பொறுமையாக விளக்கினார். “தம்பி, மோதும்போது உங்கள் உடல் எடை பல மடங்காகி இந்த நான்கு போல்ட்டில்தான் வந்து இறங்கும். கம்பெனி சோதித்துப் பார்த்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் துளை போட்டால் இருக்கையே பெயர்ந்து வரும்.” இருக்கைக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட கம்பி ஒன்று இழுபட்டு, இணைப்பு விட்டிருந்தது. பக்கவாட்டு ஏர்பேக் இருக்கையின் முதுகுப் பகுதிக்குள்தான் இருக்கிறது, அதன் கம்பி அடியில்தான் ஓடுகிறது. மஞ்சள் கம்பியைக் கண்டாலே கை வைக்கக் கூடாது என்பது மெக்கானிக்குகளுக்குப் பாலபாடம். வெளியே வேலை செய்த இருக்கைக்கு வாரண்டி கிடையாது என்றும் அங்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

தயாரிப்பாளர் வடிவமைத்ததிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. ஆகவே, உயரமான நண்பர்களே, ‘இருக்கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கொடுக்கிறேன்’ என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். கார் பாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையானாலும் சரி, ஜெனரல் பேட்டர்ஸ் சாலையானாலும் சரி. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்க்கப்போவது அந்தத் துளையைத்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகார் பதிந்தேன். ஷோரூமிலிருந்து சமாதானம் பேச ஆள் வந்ததே அதன் பிறகுதான். இலவச சர்வீஸும் தரை விரிப்பும் தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஷோரூம் எங்கே இருந்தாலும். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையமே போதும். பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரையிலான காருக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும், இணையம் வழியாகவும் போடலாம். கொட்டேஷன் ஓரத்தில் இருந்த அந்தக் கையெழுத்தும், பழைய பிரசுரமும், மேலாளரின் கடிதமும்தான் என் சான்றுகள். முழுப் பணத்தையும் வரியோடு திருப்பித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதுவரை மாதத் தவணை போய்க்கொண்டிருக்கிறது, கார் வாசலில் நிற்கிறது. நான் பூங்கா நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, வேறு மின்சார ரயில் பிடித்து அம்பத்தூர் போகிறேன்.

கார் பார்க்கப் போகிறவர்கள் வேலைக்கு அணியும் அதே காலணியுடன் போங்கள். இருக்கையை முழுவதும் தாழ்த்தி, முழுவதும் பின்னால் தள்ளுங்கள். முதுகு இருக்கையில் ஒட்டியபடி இருக்கும்போது மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும், நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையில் 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். கிளட்சை அடிவரை மிதித்துப் பாருங்கள், ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பித் தொடையில் உரசுகிறதா என்று பாருங்கள். நெரிசலில் தினமும் ஓட்டுபவர் என்றால் ஆட்டோமேட்டிக்கையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், இடது முழங்காலுக்கு அது பெரிய விடுதலை. தலைத் திண்டை உயர்த்தினால் அது காதுக்கு மேலே வர வேண்டும். ஐந்து நிமிடம் போதாது. அரை மணி நேரமாவது உட்காருங்கள், விற்பனையாளர் அவசரப்படுத்தினாலும்.

இவற்றையெல்லாம் டெஸ்ட் டிரைவ் வண்டியில் செய்தால் பாதிதான் முடிந்தது. உங்களுக்கு ஒதுக்கிய காரின் சேஸிஸ் எண்ணை, அதாவது அந்த ஒரு காருக்கு மட்டுமே உரிய அடையாள எண்ணைக் கேட்டு வாங்கி, அந்தக் காரிலேயே இதே சோதனையை மறுபடி செய்துவிட்டுப் பிறகு படிவம் 20-இல் கையெழுத்துப் போடுங்கள். யார்டைக் காட்ட முடியாது என்று சொன்னால், காரை ஷோரூமுக்குக் கொண்டுவரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மறுத்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு, அன்றே 1915-இல் பதிவு செய்துவிடுங்கள்.