நோஎக்ஸெப்ட்: எடைமேடையில் பயன்படுத்திய அனுபவம்

ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி எடைமேடைகளுக்கு சி++ என்ற நிரலாக்க மொழியில் மென்பொருள் எழுதித் தருகிறேன். அந்த மொழியில் 2011இல் வந்த நோஎக்ஸெப்ட் (noexcept) என்ற சொல்லை அதில் நிறையவே பயன்படுத்திவிட்டேன். ஒரு ஃபங்ஷனிலிருந்து (ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டு) எக்ஸெப்ஷன், அதாவது நடுவில் எறியப்படும் பிழை, வெளியே வராது என்று அதன் தலைப்பிலேயே எழுதி வைக்கும் குறி அது. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன்.

அந்த மூன்றும் வெக்டருக்காக, அதாவது தேவைக்கேற்ப வளரும் பட்டியலுக்காக. அன்றைய ரசீதுகளெல்லாம் ஒரு வெக்டரில் இருக்கும். அது நிரம்பிப் பெரிய இடத்துக்கு மாறும்போது, ரசீதை நகர்த்தும் ஃபங்ஷனான மூவ் கன்ஸ்ட்ரக்டரில் இந்தக் குறி இருந்தால் நகர்த்தும். இல்லையென்றால் ஒவ்வொன்றாக நகலெடுக்கும். பாதி நகர்த்திய பிறகு எக்ஸெப்ஷன் வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப முடியாதே, அதனால்தான். ஒரே சொல், அத்தனை நகலும் மிச்சம்.

அப்புறம் எடை படிக்கும் ஃபங்ஷனுக்கும் அதைப் போட்டேன். உள்ளே எழுத்தை எண்ணாக்க சி++இன் ஸ்டோஐ (stoi) ஃபங்ஷன். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) சீசனில் ஒரு நாள் எடை காட்டும் இண்டிகேட்டரின் ஒயர் லூசாகி வெறும் வரி வந்தது. ஸ்டோஐ எக்ஸெப்ஷன் எறிந்தது. புரோகிராம் தொடங்கும் மெயின் ஃபங்ஷனில், எறிந்ததைப் பிடிக்கும் கேட்ச் வைத்திருந்தேன். எக்ஸெப்ஷன் அந்த இடம் வரை வரவே இல்லை. குறி போட்ட ஃபங்ஷனின் வாசலிலேயே டெர்மினேட் ஓடி மொத்த புரோகிராமும் நின்றது. வெளியே ஏழு டிராக்டர். "அண்ணா, கிழங்கு வெயில்ல காயுதுங்க" என்று ஒருவர் ஜன்னலில் வந்து நின்றார். காய்ந்தால் எடை குறையும், அவருக்குத்தான் நஷ்டம். அந்தக் குரல் இன்னும் மறக்கவில்லை.

குறி போட்டது என் தவறு, சரி. ஆனால் ஸ்டோஐ எறியக்கூடியது என்று தெரிந்தும், கோடை இயங்கும் புரோகிராமாக மாற்றும் கம்பைலர் என்னைத் தடுக்கவில்லை. சி++ விதிப்படி அது தடுக்கவும் கூடாது. குறியே இல்லாத பழைய கோட் அவ்வளவு இருக்கிறது; தடுத்தால், குறி போட்ட ஃபங்ஷனிலிருந்து அதைக் கூப்பிடவே முடியாது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி இதைத் தலைகீழாகச் செய்கிறது: எறியும் ஃபங்ஷனுக்குத்தான் த்ரோஸ் என்ற குறி, கூப்பிடும் இடத்தில் டிரை என்று எழுத வேண்டும். குறியில்லாத ஃபங்ஷனிலிருந்து அந்தப் பிழை நழுவினால் கம்பைல் ஆகாது. மொழிகள் குறி வைக்கத்தான் வேண்டும், இப்படிச் சரிபார்த்து வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது நகர்த்தும் மூவுக்கும், இரண்டை இடம் மாற்றும் ஸ்வாப்புக்கும் மட்டும் நோஎக்ஸெப்ட் எழுதுகிறேன். வேலை முடிந்ததைத் துடைத்து அழிக்கும் டிஸ்ட்ரக்டருக்குத் தானாகவே உண்டு. எடையை எண்ணாக்க, சி++இன் 2017 பதிப்பான சி++17இல் வந்த ஃப்ரம்-கேர்ஸ் (from_chars); எறியாமல் பிழை எண்ணைத் திருப்பித் தரும். வெறும் வரி வந்தால் திரையில் "ஒயரைப் பார்க்கவும்" என்று வருகிறது, மேடைக்காரர் போய் இறுக்கிவிட்டு அடுத்த டிராக்டரைக் கூப்பிடுகிறார்.