பேச்சிப்பாறைக்கு எந்த மாதிரி போதும்? நிலநடுக்கக் கணக்கில் இரண்டு வழிகள்

குமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை போன்ற பழைய கல்கட்டு அணையைக் கணினி மாதிரியில் குலுக்கிப் பார்க்கும்போது முதல் தகராறே தண்ணீரை என்ன செய்வது என்பதுதான்.

1933-ல் பொறியாளர் வெஸ்டர்கார்டு சொன்ன வழியில் தண்ணீர் மாதிரிக்குள் வராது. அதற்கு ஈடான நிறையை அணையின் நீர்ப்பக்க முகத்தில் ஏற்றிவிடுவார்கள்: சதுர மீட்டருக்கு 7/8 × நீரின் அடர்த்தி × √(மொத்த ஆழம் × அந்தப் புள்ளியின் ஆழம்). பேச்சிப்பாறையின் 48 அடியை ஆழமாக எடுத்தால் அடியில் சுமார் 12.8 டன், கால்வாசி ஆழத்தில் 6.4 டன். எக்செல் போதும்.

போட்டி வழி, தண்ணீரை அமுங்கும் திரவமாகவே கணினி மாதிரியின் வலைப்பின்னலில் சேர்ப்பது. எப்போது அது தேவை? நீரில் ஒலிவேகத்தை (நொடிக்கு 1,440 மீட்டர்) ஆழத்தின் நான்கு மடங்கால் வகுத்துப் பாருங்கள். வருவது தண்ணீரின் இயல்பு அதிர்வெண்; அது நிலநடுக்கத்தின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் தேவை. 1967 நிலநடுக்கத்தில் விரிசல் விட்ட, மகாராஷ்டிரத்தின் 103 மீட்டர் கொய்னா அணையில் நீர் உச்சிவரை நின்றால் 3.5 ஹெர்ட்ஸ் வரும். நிலநடுக்கத்தின் வலு இருக்கும் இடமே அதுதான். பேச்சிப்பாறைக்கு 25 ஹெர்ட்ஸ், பக்கத்துப் பெருஞ்சாணி அணையின் 77 அடிக்கு 15; இரண்டும் அதற்கு வெகு மேலே. இங்கே வெஸ்டர்கார்டே போதும், மற்றது வீண்செலவு.

அடித்தளத்திலும் இரண்டு கட்சி. அடிப்பாறைக்கு நிறையே இல்லை என்று வைத்துக்கொள்வது எளிது. ஆனால் அதிர்வு பாறைக்குள் கசிந்து போவதைக் காட்டாததால் தகைவு (ஸ்ட்ரெஸ்) பெரும்பாலும் கூடுதலாக வரும். பாறைக்கு நிறை கொடுத்தால் விளிம்புகளில் அலையை உறிஞ்சும் தணிப்பான்கள் வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: மேற்பரப்பில் பதிவான முடுக்கத்தை அப்படியே அடியில் கொடுத்துவிடுவார்கள், பாறை அதை மேலும் பெருக்கிவிடும். மேலேறும் அலை, மேற்பரப்பு அசைவில் பாதிதான். குமரி மலையடிவாரத்தின் கடினப் பாறை கல்கட்டைவிட விறைப்பானது. ஆகவே இந்த உழைப்புக்கு இங்கே பலன் குறைவு.

மிச்சமாகும் பணத்தைக் கோர் சாம்பிளில், அதாவது அணையைத் துளைத்து எடுக்கும் மாதிரித் துண்டுகளைச் சோதிப்பதில், போடலாம். 1906-ல் முடிந்த அணைக்குக் கான்கிரீட்டின் விறைப்பு எண்ணான 25 ஜிகாபாஸ்கலை நிரப்பிவிட்டு நுணுக்கமான தண்ணீர் மாதிரி போடுவது கேலிக்கூத்து. உண்மை மதிப்பு அதில் கால்வாசி என்றால் அணையின் அதிர்வெண் பாதியாகிவிடும். பிறகு வரும் எண்ணெல்லாம் வேறு அணைக்கானது. தன்எடை, நீரழுத்தம், அடியிலிருந்து வரும் மேலுந்து விசை மூன்றையும் முதல் படியில் ஏற்றிய பிறகே குலுக்க வேண்டும். நீர்ப்பக்க அடிமூலையில் இழுவிசை தெரிந்தால், பழைய சாந்து அதைத் தாங்காது. அணையும் பாறையும் சேரும் இணைப்பு திறப்பதாக வைத்து மறுபடி ஓட்ட வேண்டும்.

சிற்றாறு மண் அணைகளுக்கு இதில் எதுவும் உதவாது. அங்கே 1965-ன் நியூமார்க் முறையில் சரிவு எத்தனை சென்டிமீட்டர் நகரும் என்று பார்க்க வேண்டும். அதற்குமுன், குலுக்கலில் கூழாகிவிடக்கூடிய ஈரமணல் அடுக்கு இருக்கிறதா என்று துளையிட்டுப் பார்த்துவிட வேண்டும்.