வாழைப்பழத்தில் ஊசி ஏறுவது போலவா? டெலிஷாப்பிங் டிரில் கிட்: ஒரு மதிப்பீடு

மதிய நேரத்தில் டிவியைப் போட்டால் ஏதாவது ஒரு சேனலில் அந்த விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் கறுப்பு வெள்ளையில் ஒருவர் ஆணியும் சுத்தியலுமாகச் சுவரோடு மல்லுக்கட்டுவார். பூச்சு பெயரும், கட்டைவிரல் நசுங்கும். அடுத்த நொடி படம் வண்ணத்துக்கு மாறும். புன்னகை மாறாத ஒரு பெண் டிரில்லை ஒற்றைக் கையில் தூக்கி கான்கிரீட் தூணில் வைப்பார். வாழைப்பழத்தில் ஊசி ஏறுவது போல பிட், அதாவது துளைக்கும் கம்பி, உள்ளே போகும். மூன்று நொடியில் துளை, நான்காவது நொடியில் ஸ்க்ரூ, ஐந்தாவது நொடியில் குடும்பப் படம் சுவரில். நூறு பொருட்கள் அடங்கிய கிட், விலை இரண்டாயிரத்துச் சொச்சம்.

கருவி அவ்வளவு மோசமில்லை, காட்டும் விதம்தான் மோசம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கினால் முதல் துளையிலேயே ஏமாற்றம் வரும். பழி கருவியின் மேல் விழும்.

முதலில் அந்த நூறு. டிரில் ஒன்று, பக்கவாட்டுக் கைப்பிடி, ஆழம் பார்க்கும் கம்பி, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்கான சாவி, கான்கிரீட் பிட் நாலைந்து, மரத்துக்கும் இரும்புக்கும் சில பிட்கள், ஒரு சுத்தியல், குறடு, டேப், கைத்திருப்புளி, அதற்கான முனைகள். மிச்சம் முக்கால்வாசி ஸ்க்ரூவும், ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் பிளக்கும்தான். ஒவ்வொரு பிளக்கும் ஒரு ‘பொருள்’ என்று எண்ணினால் நூறென்ன, இருநூறு கூட வரும். சுத்தியலும் குறடும் கணக்குக்குத்தான். பிட்களில் கான்கிரீட் பிட் செங்கல் சுவருக்குத் தாங்கும். இரும்புக்கான பிட் மெல்லிய தகட்டோடு சரி. காசு போவதும் பயன் தருவதும் அந்த டிரில் மட்டுமே. பெரும்பாலும் 13 மி.மீ. சக், 500 முதல் 650 வாட் வரை, அதிகபட்சம் நிமிடத்துக்கு 2,800 சுற்றை ஒட்டிய வேகம். வயர் முனையில் எர்த் இல்லாத இரண்டு முள் பிளக் வருவதைக் குறையாக நினைக்க வேண்டாம். பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள கருவி, எர்த் தேவையில்லை.

இனி விளம்பரத்தின் மையப் பொய்க்கு வருவோம். இம்பாக்ட் டிரில் எனப்படும் இந்த வகையில் ‘ஹாமர்’ என்றொரு விசை இருக்கும், ஆனால் உள்ளே சுத்தியல் எதுவும் கிடையாது. பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசி ஏறி இறங்குகின்றன, அவ்வளவுதான். தட்டில் பதினாறு பல் என்றால் 2,800 சுற்றில் நிமிடத்துக்கு 44,800 தட்டல். பெட்டியில் இந்த எண்ணைப் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு தட்டலும் செல்லத் தட்டல். அதற்குப் பலம் தருவது நீங்கள் பின்னாலிருந்து சாய்ந்து கொடுக்கும் அழுத்தம். அழுத்தாவிட்டால் பல் தட்டுகள் சரியாகக் கோக்கவே கோக்காது. எலெக்ட்ரீஷியன்களும் ஏசி மெக்கானிக்குகளும் கொண்டுவரும் ரோட்டரி ஹாமர் வேறு சாதி. அதில் பிஸ்டன் ஒன்று காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு இரும்புக் கட்டையைத் தள்ளி, அது பிட்டின் பின்பக்கத்தில் அடிக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான். ஆனால் 26 மி.மீ. ரகத்தில் ஒவ்வொரு அடியும் இரண்டரை, மூன்று ஜூல். அங்கே கை அழுத்த வேண்டியதில்லை, பிடித்துக்கொண்டால் போதும்.

எனவே விளம்பரப் பெண் ஒற்றைக் கையில் சாயாமல் நின்று தூணில் துளை போடுவது, இந்தக் கருவியின் அமைப்புப்படியே நடக்காத காரியம். நன்கு இறுகிய கான்கிரீட்டில் 8 மி.மீ. துளையை 50 மி.மீ. ஆழத்துக்குக் கொண்டுபோக ரோட்டரி ஹாமருக்குப் பத்துப் பதினைந்து நொடி போதும். இதற்கோ நிமிடக்கணக்கில் ஆகும், அதுவும் இரண்டு கையும் உடம்புப் பாரமும் கொடுத்து. நடுவில் கருங்கல் ஜல்லி முனையில் சிக்கினால் பிட் அங்கேயே நின்று பாடும். விடாமல் அழுத்திக்கொண்டே போனால் முனை செக்கச்சிவந்து, அதில் பற்றவைத்த கார்பைடு என்ற கடினமான வெட்டுத் துண்டு கழன்று துளைக்குள்ளேயே தங்கிவிடும். பத்து நொடிக்கு ஒருமுறை பிட்டை வெளியே இழுத்துத் தூசியைத் தள்ள வேண்டும். விளம்பரத்தில் யாரும் இழுப்பதில்லை.

அப்படியானால் அந்தச் சுவர் எது? தூசியைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். செங்கலில் துளைத்தால் பூச்சுக்குப் பிறகு சிவப்புத் தூள் கொட்டும், கான்கிரீட்டில் சாம்பல் நிறத்தில் மாவு போல வரும். வெள்ளைத் தூள் மட்டும் லேசாக உதிர்ந்தால் அது ஜிப்சம் பலகை, அல்லது பட்டி தடவிய பிளைவுட். தூசியே இல்லையென்றால் துளை முன்பே போட்டு வைத்தது. பிட் அதற்குள் சும்மா சுற்றுகிறது. சத்தத்தை இசை மூடியிருப்பதும் தற்செயலல்ல. வெறும் துளையில் சுற்றும் டிரில் ‘விர்’ என்று ஒரே சுருதியில் பாடும். கல்லில் இறங்கும்போது சுருதி இறங்கிக் கரகரக்கும்.

பிட் பின்பக்கமாகச் சுற்றுகிறது, ரிவர்ஸில் போட்டு நடித்திருக்கிறார்கள் என்று சிலர் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். அதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நம் ஊர் டிவி நொடிக்கு 25 படம். 3,000 சுற்று என்றால் நொடிக்குச் சரியாக 50 சுற்று, அதாவது ஒரு படத்துக்கு இரண்டு முழுச் சுற்று. பிட் திரையில் அசையாமல் நிற்பது போலிருக்கும். வேகம் அதற்குச் சற்றுக் குறைந்தால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரியும். இது கேமராவின் மாயம், நடிகரின் தவறல்ல. நம்பத் தகுந்த சாட்சி மரத்தூள்தான். மரத்தில் சரியாகச் சுற்றும் பிட் சுருள் சுருளாகச் சீவலை வெளியே தள்ளும். ரிவர்ஸில் சுற்றினால் சீவல் வராது, புகைதான் வரும்.

காட்டிப் பொய் சொல்வது புதிதல்ல. அமெரிக்காவில் ராபிட் ஷேவ் என்ற சவரக் கிரீமின் டிவி விளம்பரத்தில், உப்புத்தாளில் கிரீமைத் தடவி உடனே ஒரே இழுப்பில் மழித்துக் காட்டினார்கள். திரையில் இருந்தது உப்புத்தாளே இல்லை, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கின் மேல் தூவிய மணல். உண்மையான உப்புத்தாளுக்குச் சுமார் 80 நிமிடம் ஊற வேண்டியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1965இல் தீர்ப்பு கோல்கேட்-பாமோலிவ் நிறுவனத்துக்கு எதிராக வந்தது. மாதிரியை வைத்துக்கொண்டு ‘இதோ நிரூபணம், கண்ணால் பாருங்கள்’ என்று சொல்லக்கூடாது என்பதே அதன் சாரம். நம் டிரில் விளம்பரச் சுவரும் அந்த மணல் தூவிய பிளாஸ்டிக்கின் தம்பிதான்.

பொய்ச் சுவராவது காசோடு போகும். கருவியைப் பிடித்துக் காட்டும் விதத்தில் உள்ள தவறுகள் உடம்பில் படும். பக்கவாட்டுக் கைப்பிடியைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். பிட் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் மாட்டி நின்றால் சக் நிற்கும், டிரில் உடல் சுற்றும், கூடவே மணிக்கட்டும். ரோட்டரி ஹாமரில் இதற்காகவே வழுக்கும் கிளட்ச் உண்டு. இந்த விலை டிரில்லில் அதை எதிர்பார்க்க முடியாது. கைப்பிடியை மாட்டியே ஆக வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் துளைப்பது இன்னொரு வழக்கம். துணிக் கையுறை போட்டுக் காட்டுவது அதைவிட ஆபத்து, ஏனென்றால் சுற்றும் பிட் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். அவிழ்ந்த கூந்தல், தொங்கும் துப்பட்டா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சக்கை வெறும் கையால் திருகிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். சாவி போட்டு, மூன்று துளையிலும் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒரே துளையில் இறுக்கினால் பிட் கோணலாக நிற்கும், ஓடும்போது நழுவும். இறுக்கிய பின் சாவியைக் கழற்ற மறந்தால் அது பறக்கும்.

எனக்குப் பெரிய எரிச்சல் தரும் காட்சி வேறு: சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே படம் மாட்டத் துளை போடுவது. நம் வீடுகளில் போர்டிலிருந்து வயர் குழாய் பெரும்பாலும் நேர் மேலே கூரைக்குப் போகிறது. குளியலறைக் குழாய்களுக்கு மேலும் கீழும் அதே கதைதான். அந்தச் செங்குத்துக் கோட்டைத் தவிர்க்காமல் கை வைக்கக்கூடாது. கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, வேறு இணைப்பிலிருந்து கருவிக்கு மின்சாரம் எடுங்கள்.

ஒழுங்கான துளை இப்படித்தான் வரும். பென்சிலால் கூட்டல் குறி போட்டு, அதன் மையத்தில் ஆணியால் சிறு குழி. ஆழக் கம்பியைப் பிளக் நீளத்தைவிட 10 மி.மீ. கூடுதலாக வைத்து முடுக்குங்கள். முதல் சில மில்லிமீட்டர் மெதுவான வேகத்தில், ஹாமர் விசையைப் போடாமல். பிட் இடம் பிடித்த பின் ஹாமரைப் போட்டு வேகத்தைக் கூட்டலாம். முடிந்ததும் துளைத் தூசியை ஊதுபந்தால் வெளியேற்றுங்கள். வாயால் ஊதினால் கண்ணுக்குத்தான் வரும். 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட், ஒன்பது அல்ல. பிளக் கையால் பாதி போய், மீதி சுத்தியலின் லேசான தட்டலில் போக வேண்டும். உள்சுவர்ப் பூச்சு 12 முதல் 15 மி.மீ. இருக்கும். 40 மி.மீ. பிளக்கை மேலோடு மேலாக விட்டால் செங்கலைப் பிடிப்பது 25 மி.மீ. மட்டுமே. பாரம் தாங்க வேண்டிய அலமாரிக்குத் துளையை இன்னும் ஆழமாக்கி, பிளக்கைப் பூச்சுக்கு உள்ளே தள்ளி, அதற்கேற்ற நீள ஸ்க்ரூ போட வேண்டும். விளம்பரத்தில் ஒருவர் கொக்கியில் தொங்கிக் காட்டுவாரே, பூச்சில் மட்டும் நிற்கும் பிளக் அவரோடு சேர்ந்து கீழே வரும்.

டைல்ஸ் என்றால் ஹாமரை அணைத்தே தொடங்க வேண்டும். ஈட்டி முனை உள்ள டைல்ஸ் பிட், மெதுவான வேகம், மேலே பேப்பர் டேப். டைல்ஸைத் தாண்டிய பிறகு கான்கிரீட் பிட்டுக்கு மாறலாம். ஏஏசி பிளாக் எனப்படும் காற்றறைகள் உள்ள இலேசான கான்கிரீட் கல் சுவரில் ஹாமரே வேண்டாம், துளை அகன்று பிளக் ஆடும். அதற்கென்று தனிப் பிளக் கிடைக்கிறது.

இரும்பில் 10 மி.மீ. பிட்டுக்கு ஏற்ற வேகம் சுமார் 800 சுற்று. விளம்பரத்தில் ட்ரிகரை முழுதாக அழுத்தி 2,800இல் ஓட்டுகிறார்கள். எண்ணெய் இல்லாமல் அப்படிச் செய்தால் சில நொடியில் முனை நீலம் பாய்ந்து மழுங்கிவிடும். தகட்டைக் கையில் பிடித்துத் துளைப்பதும் வேண்டாம். பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் தகடு காற்றாடியாகச் சுற்றும்.

பேட்டரி டிரில் விளம்பரங்களில் பொய் வோல்ட்டில் இருக்கிறது. 21 வோல்ட் என்பது ஐந்து லித்தியம் செல், ஒவ்வொன்றும் முழு சார்ஜில் 4.2 வோல்ட். வேலை செய்யும்போது அது 18 வோல்ட்தான், பொய் என்று சொல்ல முடியாது, பெருமை பேசுகிறது. ஆனால் ‘48 விஎஃப்’, ‘88 விஎஃப்’ என்று ஒட்டியிருப்பது வோல்ட்டே அல்ல, ஒரு பெயர். பெரும்பாலும் உள்ளே அதே ஐந்து செல். 1.5 ஆம்பியர் மணி என்றால் மொத்தம் 27 வாட் மணி. கட்டில், அலமாரி ஸ்க்ரூக்களுக்கு அது தாராளம். கான்கிரீட்டுக்கு அதை நினைக்கவே வேண்டாம்.

திரையின் அடியில் எறும்பு ஊர்வது போல ஒரு ஆங்கில வரி ஓடும். தமிழில் டப் செய்த விளம்பரத்துக்கு அது போதாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிகள், பொறுப்புத்துறப்பு வாசகம் விளம்பரத்தின் உரிமைகோரல் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. காரணமில்லாமல் ஆபத்தான செயலைக் காட்டுவதை இந்திய விளம்பரத் தர கவுன்சிலின் விதிகளும் தடுக்கின்றன. நெற்றியில் ஏறிய கண்ணாடி அந்த விதிக்குள் வரும் என்றே நான் சொல்வேன்.

சரி, வாங்கலாமா? செங்கல் சுவர், மரம், மெல்லிய தகடு, வருடத்துக்கு இருபது முப்பது துளை என்றால் வாங்கலாம். சுத்தியலும் குறடும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கிட் வேண்டாம். அதே பணத்துக்குத் தனி டிரில்லும் நல்ல பிட் நாலும் எடுங்கள். அபார்ட்மென்டில் எல்லாச் சுவரும் கான்கிரீட் என்றால் இது உங்களுக்கானது அல்ல. ரோட்டரி ஹாமரை வாடகைக்கு எடுங்கள், அல்லது ஆளைக் கூப்பிடுங்கள்.

டிவியில் ஆர்டர் செய்வதைவிடக் கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது மேல். நேரான பிட் ஒன்றை மாட்டி மெதுவாக ஓட்டினால் முனை வட்டம் போடக்கூடாது. அணைத்துவிட்டு சக்கைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் வேறு பீஸ் கேளுங்கள். காற்றுத் துவாரத்துக்குள் சின்ன நீலப் பொறி சகஜம். ஆரஞ்சு நிறத்தில் வளையமாகச் சுற்றினால் வைத்துவிட்டு வாருங்கள். மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துத் தேயும் கார்பன் பிரஷ்ஷை மாற்ற உடலின் வெளியிலேயே திருகு மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், பெட்டியில் இலவசமாகக் கொடுத்திருக்கும் அந்த உதிரி ஜோடியைப் போட மெஷினையே இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.